நாடி நின்றது, இருதயம் நிற்கவில்லை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, 1738 ஆம் ஆண்டில் திருவரங்குளத்துக் காட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சந்திப்பு புதிய செய்தியன்று. மௌன விரதம் பூண்டு திகம்பரராய்த் திரிந்த சதாசிவ பிரம்மேந்திரரை விஜய ரகுநாதராயத் தொண்டைமான் கண்டு வணங்கினார் என்றும், வாய் திறவாத அந்த மகான் விரலால் மணலில் எழுதியே உபதேசம் செய்தார் என்றும், மன்னர் அம்மணலை அரண்மனைக்கு எடுத்துச் சென்று பூஜையில் வைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். திருவரங்குளத்துக்கு அணித்தேயுள்ள வல்லத்திராக்கோட்டை முதலிய ஊர்களில் இந்தக் கதையோடு ஒட்டியே மற்றொன்றும் வரும்: கொடுமுடிக்கு அருகே காவிரிக் கரையில் நிஷ்டையில் அமர்ந்திருந்த அவரை வெள்ளம் அடித்துச் சென்று மணலுக்குள் புதைத்துவிட்டதாம், மாதங்கள் பல கழிந்து மணல் வெட்ட வந்தவர்களின் மண்வெட்டி முனையில் இரத்தம் தெரிய, பயந்துபோய்த் தோண்டிப் பார்த்தபோது அவர் துயில் நீங்கியவர் போல் எழுந்து நடந்து போனாராம்.

இப்பொழுது அதே ஊர்களின் இளைஞர்கள் கைபேசித் திரையில் வேறொரு வகை அதிசயத்தைப் பார்க்கிறார்கள். சீனத்து ஆசான் ஒருவர் ஈட்டி முனையைத் தொண்டைக் குழியில் ஊன்றி அதன் தண்டை வில்லாய் வளைக்கிறார். மற்றொருவர் கையை நீட்டியதும் பத்தடி தூரத்தில் நிற்கும் சீடர் தள்ளாடி விழுகிறார். மூச்சையும் கவனத்தையும் நெறிப்படுத்தும் சீகோங் என்னும் பயிற்சியால் உடலில் ஓடும் ‘சீ’ என்ற உயிராற்றல் இவ்வாறு வெளிப்படுவதாகச் சொல்லப்படுகிறது. நமக்கு இது அந்நியமான கொள்கையே அன்று. பிராணனைப் பற்றி நம் யோக நூல்கள் சொல்வதற்கும் இதற்கும் உள்ள உறவு நெருக்கமானது. போகர் சீனத்துக்குச் சென்று மீண்டார் என்னும் சித்தர் மரபும் நம்மிடம் இருக்கிறது. ஆகவே, சீகோங் தரும் அமானுஷ்ய சக்திகள் மெய்தானா என்று கேட்பவர், அணிமா முதலிய நம் அஷ்டமா சித்திகளையும் அதே தராசில் வைத்தே நிறுக்க வேண்டும்.

இந்த விசாரணையில் முதலிற் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. ஒருவர் தம் தோலுக்கு உட்பட்ட உடலின் மீது செலுத்தும் ஆதிக்கம் வேறு. அந்த எல்லையைத் தாண்டி வேறொரு பொருளின் மீதோ ஆளின் மீதோ செலுத்துவதாகச் சொல்லும் ஆதிக்கம் வேறு. இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதனால்தான் பக்தர்கள் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறார்கள். சந்தேகிகள் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். விஞ்ஞானிகள் இவற்றைப் பிரித்துப் பார்த்த கதைகளுள் மிகவும் சுவையானது நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

தெரேஸ் பிரோஸ் என்னும் பிரெஞ்சு இருதய வைத்தியர், இருதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியோடு 1935 இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் பரிசோதித்தவர்களுள் முக்கியமானவர், பிற்காலத்தில் சென்னையில் நிலைத்து, நூறு ஆண்டு வாழ்ந்து 1989 இல் மறைந்த யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியர். அவர் இருதயத்தின் இயக்கத்தைத் தம் சங்கற்பத்தாலேயே ஏறக்குறைய நிறுத்திக் காட்டினார் என்று பிரோஸ் வெளியிட்ட செய்தி மேனாட்டுப் பண்டிதர்களிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பரபரப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை: கருவி வரைந்த கோட்டில் அலை சுருங்கித்தான் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1957 இல், கலிபோர்னியாவிலிருந்து வெங்கர் என்பவரும் மிச்சிகனிலிருந்து பாக்சி என்பவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ஆனந்த் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சென்னைக்கும் வந்து, முதுமையை அடைந்துவிட்டிருந்த கிருஷ்ணமாசாரியரையே மறுபடியும் பரிசோதித்தார்கள். இம்முறை உடலின் பல இடங்களிலிருந்து மின்னலைகள் ஒருங்கே பதிவாயின. விளைவை 1961 இல் ‘சர்க்குலேஷன்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்: மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்டு, காதுக்கு இருதய ஒலி கேளாமற் போனதும் உண்டு, இருதயம் மட்டும் நிற்கவே இல்லை.

நாடி மறைந்த விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். பயில்பவர் ஆழ்ந்து மூச்சை இழுத்து, குரல்வளையை மூடிக்கொண்டு, மார்புத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் இறுக்குகிறார். மார்பின் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. உடலெங்குமிருந்து இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரைகள் அந்த அழுத்தத்தில் நசுங்குகின்றன. வரவு குறைந்தால் செலவும் குறையுமாதலால், இருதயம் துடித்துக்கொண்டே இருந்தும் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளித்தள்ளும் இரத்தம் சொற்பமாகி, அதன் அலை மணிக்கட்டு வரை எட்டாமற் போகிறது. மார்பில் கருவியை வைத்துக் கேட்கும் வைத்தியருக்கோ, இறுகிய தசைகளின் இரைச்சலில் மெலிந்துபோன இருதய ஒலி அமுங்கிவிடுகிறது. பிரோஸ் வெளியிட்ட கோட்டில் அலை சுருங்கியதற்கும், அது உடலின் ஒரே திசையிலிருந்து எடுக்கப்பட்டதும், மூச்சை அடக்கும்போது மார்புக்குள் இருதயத்தின் கிடக்கை சிறிது மாறுவதும் காரணமாயின. மூச்சை அடக்கி முக்கும் இந்த வித்தையை இத்தாலிய உடற்கூற்றறிஞர் வால்சால்வா 1704 லேயே விவரித்திருக்கிறார். இருதய நோயுள்ளவர்கள் விளையாட்டாகவும் செய்து பார்க்கத் தகாதது இது.

இந்த நிகழ்ச்சியில் மோசடி செய்தவர் ஒருவரும் இல்லை என்பதே என்னை மிகவும் கவர்ந்த விஷயம். நாடியைப் பிடித்தவர் விரலுக்குத் தட்டியதைச் சொன்னார். யோகியார் தமக்குள் உணர்ந்ததைச் சொன்னார். எந்தக் கேள்வியை எந்தக் கருவியால் கேட்பது என்பதில்தான் பிசகு இருந்தது. மேலும், வெங்கர் குழுவினர் பரிசோதித்தவர்களுள் ஒருவர் இருதயத்தை நிறுத்தவில்லையாயினும் அதன் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார் என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. சந்தேகிகள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

மணலுக்குள் புதைந்திருந்த கதைக்கும் நவீன காலத்தில் ஓர் உறவு உண்டு. 1970 இல் உதயபூர் மருத்துவக் கல்லூரியில் சத்தியமூர்த்தி என்னும் யோகி, மின்னலைக் கம்பிகள் மார்பில் பொருத்தப்பட்ட நிலையில், நிலத்தடிக் குழி ஒன்றில் எட்டு நாள் அடைந்திருந்தார். இரண்டாம் நாள் இருதய வேகம் நிமிஷத்துக்கு 250 வரை ஏறி, பின்பு திடீரெனக் கோடு அலையற்ற நேர்கோடாயிற்று. அக்கோடு, எட்டாம் நாள் குழியைத் திறப்பதற்கு ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு முன்னர் மறுபடியும் துடிக்கத் தொடங்கியது. கோத்தாரி முதலிய வைத்தியர்கள் இதனை 1973 இல் அமெரிக்க இருதய மருத்துவ இதழில் நேர்மையாக எழுதினார்கள். கம்பி கழன்றிருக்கலாமோ என்று ஐயுற்றுத் தாமே கழற்றிப் பார்த்தபோது கருவியில் தாறுமாறான கீறல்களே விழுந்தன என்பதையும் சொன்னார்கள். ஆயினும், ஐந்து நாளுக்கு மேல் நின்ற இருதயம் திறப்பு விழாவுக்குச் சற்று முன்பாக எழுந்துகொண்டது என்று கொள்வதைவிட, உள்ளே இருந்தவரின் கை கம்பியண்டை போயிற்று என்று கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. குழிக்குள் பார்க்கும் கண் இல்லாதவரை இந்த வழக்கைத் தீர்க்க இயலாது.

ஆனால் குழியில் இருந்ததே பொய் என்று சொல்ல வேண்டுவதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஐந்தடியான குழி ஒன்றில் ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று அடங்கும். சும்மா படுத்திருக்கும் மனிதன் மணிக்குப் பதினைந்து லிட்டர் பிராணவாயுவை உட்கொண்டு பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறான். காற்றில் கரியமில வாயு நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தால் மூச்சு முட்டித் தலை கனக்கும். அந்த நிலை வரப் பதினான்கு பதினைந்து மணி ஆகும். அதற்கு மேலும் ஒருவர் சௌக்கியமாக இருந்தால், மண்ணின் நுண்துளைகள் வழியே காற்று உலாவியிருக்க வேண்டும், அல்லது அவர் தம் உடலின் எரிபொருட் செலவைச் சுருக்கியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் நடந்திருக்க வேண்டும். செலவைச் சுருக்குவது கட்டுக்கதையன்று: ஆனந்த் குழுவினர் தில்லியில் ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து அளந்தபோது, இளைப்பாறும் உடலுக்குத் தேவையென்று கருதப்படும் அளவுக்கும் குறைவான பிராணவாயுவோடு அவர் மணிக்கணக்கில் இருந்தார்.

இவ்வாறே, திபெத்தியத் துறவிகள் ‘தும்மோ’ என்னும் தியானத்தால் விரல்களின் வெப்பத்தை 8.3 பாகை வரை உயர்த்தியதை ஹார்வர்டு வைத்தியர் பென்சன் தர்மசாலையில் அளந்து 1982 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்னும் மந்தகதியில் சுவாசிப்பது இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு வலையைக் கூர்மையாக்குகிறது என்பதும், ஜபமாலை உருட்டி மந்திரம் சொல்பவர்களின் மூச்சு தானாகவே அந்த கதிக்கு வந்துவிடுகிறது என்பதும் 2001 இல் நிரூபணமாயின. சீகோங்கின் உடன்பிறப்பான தாய்ச்சி, நடுக்குவாத நோயாளிகள் நிலைதடுமாறி விழுவதைக் குறைக்கிறது என்று 2012 இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. தோலுக்கு உட்பட்ட ராஜ்யத்தில் அப்பியாசத்தின் செங்கோல் இவ்வளவு தூரம் செல்கிறது, இது அற்பமன்று.

தொண்டையில் ஊன்றிய ஈட்டிக்கும் பூக்குழிக்கும் சக்தியைத் தேட வேண்டியதே இல்லை. நீண்டு மெலிந்த தண்டு, நுனியில் சற்றே அழுத்தியவுடன் வளைந்துவிடும் இயல்புடையது. வளையத் தொடங்கியபின் தொண்டையில் விழும் பாரம் பெரிதாக ஏறுவதில்லை. கழுத்தெலும்பின் நடுக்குழியில் மழுங்கிய முனையைச் சரியாகப் பொருத்தும் லாகவமும் துணிவுமே பயிற்சியின் பலன். பூமிதிப்பில், எரிந்து கனிந்த மரக்கரி எடையிற் குறைந்ததும் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதுமாகிய பொருள். பாதம் ஒவ்வோர் அடியிலும் அரை விநாடியே அதில் படிகிறது. 1935 இல் லண்டனுக்கு அருகே குதா பக்ஷ் என்னும் காஷ்மீரத்தவர், மேற்பரப்பில் 430 பாகை வெப்பமுள்ள நெருப்பைப் பண்டிதர்கள் முன்னிலையில் கடந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விரதமோ தீட்சையோ இல்லாத ஆங்கிலேயர் ஒருவரும் கடந்துவிட்டார். இதைச் சொல்வதால், நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அலகு குத்தி வருபவரின் பக்தி குறைபட்டுவிடுவதாக நான் நினைக்கவில்லை. அவருடைய வேண்டுதலில் பௌதிக சாஸ்திரத்துக்கு என்ன வேலை?

தோலைத் தாண்டிய சித்திகளுக்கு வந்தால் காட்சி அடியோடு மாறுகிறது. 1830 களில் சென்னையில் சேஷால் என்னும் அந்தணர் ஆகாயத்தில் அமர்ந்து காட்டியதாகச் சீமைப் பத்திரிகைகள் சித்திரத்தோடு எழுதின. ஒரு கை மட்டும் கோலொன்றின் மீது இருக்கும். 1936 ஜூன் மாதத்தில் ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையில், தென்னாட்டில் தோட்டம் வைத்திருந்த பிளங்கெட் என்பவர் எடுத்த படங்கள் வெளியாயின. அவற்றில் சுப்பையா புலவர் என்னும் யோகி படுத்த நிலையில் அந்தரத்தில் மிதக்கிறார். அவர் கையும் துணி சுற்றிய ஒரு கோலின் மேல் இருக்கிறது. மிதக்கும்போது சுற்றிலும் வந்து பார்க்க அனுமதி உண்டு. ஏறும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் மட்டும் கூடாரத் துணி மூடிக்கொள்ளும். ஆடைக்குள் மறையும் இரும்புச் சட்டம் ஒன்றைக் கோலோடு பொருத்த எவ்வளவு மறைவு வேண்டுமோ அவ்வளவு மறைவுதான் அது. பம்பாயில் 1966 இல் நீர்மேல் நடப்பதாக அறிவித்து, கட்டணச் சீட்டு வாங்கிய கூட்டத்தின் முன் தொட்டியில் கால் வைத்த ராவ் என்னும் யோகிக்குக் கோலும் இல்லை, திரையும் இல்லை. நேரே உள்ளே போனார்.

சீனத்தில் இந்த நம்பிக்கைக்கு அரசாங்கப் பெருமனிதர்களின் ஆதரவே கிடைத்தது. 1979 இல் சிசுவான் மாகாணத்துச் சிறுவன் ஒருவன் காதால் எழுத்துகளைப் படிக்கிறான் என்று நாளிதழ் எழுதியதிலிருந்து அலை கிளம்பியது. சீன ராக்கெட்டுகளின் தந்தையெனப் போற்றப்படும் சியான் சுயெசென் போன்றவரே மனித உடலின் அபூர்வ சக்திகளை ஆராய வேண்டும் என்று வாதாடினார். யான் சின் என்னும் ஆசான் தொலைவிலிருந்தே தண்ணீரின் மூலக்கூறுகளை மாற்றினார் என்று பல்கலைக்கழகத்தின் பெயரோடு செய்தி வந்தது. 1988 இல் அமெரிக்காவிலிருந்து சென்ற ஐயவாதிகள் குழுவினர் ஒரு சுலபமான சோதனையைச் செய்தார்கள். ஆசான் சக்தியைச் செலுத்தினால் உடல் நெளிந்து ஆடும் நோயாளியை ஓர் அறையிலும் ஆசானை வேறோர் அறையிலும் இருத்தி, எந்த நேரத்தில் செலுத்துவது, எப்பொழுது சும்மா இருப்பது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். ஆசான் செலுத்தியபோதும் நோயாளி ஆடினார். சும்மா இருந்தபோதும் ஆடினார். நோயாளி நடித்தார் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்பார்ப்பே அவரை ஆட்டியது. ஆசானைக் கண்ணால் காணும் இடத்தில் அந்த எதிர்பார்ப்பு ஆசானின் கையோடு இசைந்து ஆடும், அவ்வளவுதான்.

இத்தகைய சோதனைகளை நம் பக்கத்தில் பிரபலப்படுத்தியவர், கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகப் பணியாற்றி, இலங்கைப் பகுத்தறிவாளர்களுக்குத் தலைமை வகித்த ஆபிரகாம் கோவூர். 1963 இல் ஒரு லட்ச ரூபாய்ப் பந்தயம் கூறி, செய்து காட்ட வேண்டிய அற்புதங்களை அவர் பட்டியலிட்டார். 1978 இல் அவர் மறைந்தபின் கோயமுத்தூர்ப் போத்தனூரிலிருந்த பிரேமானந்த் அப்பந்தயத்தை ஏற்று நடத்தினார். பிரேமானந்த் அக்குளில் எலுமிச்சம்பழம் போன்றதொன்றை இடுக்கி மணிக்கட்டு நாடியை நிறுத்தியும், எரியும் கர்ப்பூரத்தை நாக்கில் வைத்தும், ஊர் ஊராகச் சென்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றின் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தவர்.

கோவூரின் பட்டியலை நிதானமாகப் படித்தால், சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர் எழுதியது போல ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்பட்டிருப்பது தெரியும். யோக சக்தியால் இருதயத்தை ஐந்து நிமிஷம் நிறுத்த வேண்டும் என்கிறார்; நாடி என்று சொல்லவில்லை. மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும் என்கிறார். நெருப்பின் மீது நடக்க வேண்டும் என்று கேட்கவே இல்லை. தணலின் மேல் அரை நிமிஷம் பாதம் கொப்புளிக்காமல் நிற்க வேண்டும் என்று கேட்கிறார். 2009 இல் பிரேமானந்த் மறையும் வரையில் அந்த ஒரு லட்சத்தை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.