பேட்டரி வண்டிக்கு ஒரு பெட்ரோல் துணை

மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கொச்சியின் வெலிங்டன் தீவுக்கு 2025 அக்டோபர் முதல் வாட்டர் மெட்ரோ படகும் வந்து போகிறது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான இந்தப் படகுகள் பேட்டரியில் ஓடுபவை. துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆனாலும் படகில் ஒரு டீசல் ஜெனரேட்டரும் உண்டு. நடுக் காயலில் பேட்டரி கைவிட்டால், நூறு பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்ல முடியாது அல்லவா?

தீவின் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு இப்படி ஒரு துணை இல்லை. மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், கரண்ட் போய்விடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையமே நீரில் மூழ்கி இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. வெலிங்டன் தீவிலுள்ள கடற்படை ஓடுதளத்தில்தான் பயணிகள் விமானங்கள் இறங்கின. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கேரள மின்வாரியம் 2021-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, மின்கம்பங்களில் இருசக்கர வாகனங்களுக்கான சார்ஜிங் பெட்டிகளைப் பொருத்தியது. கம்பியில் மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டியும் வெறும் பெட்டிதான். ‘சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் என்ன?’ என்ற எண்ணம் எழுவது இயல்பே.

அப்படிக் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் தவறான எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். வண்டியின் பேட்டரி 3 யூனிட் என்றால், 3 கிலோவாட் ஜெனரேட்டர் தேவை என்று நினைத்துக்கொள்கிறார். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. ஜெனரேட்டருக்குத் தெரிய வேண்டியது தொட்டியின் அளவு அல்ல, அதை நிரப்பும் குழாயின் அளவு. அந்தக் குழாய்தான் சார்ஜர்.

ஸ்கூட்டர்களுடன் வரும் சார்ஜர்கள் பலவும் 650 முதல் 1,000 வாட் வரை இழுப்பவை. சார்ஜரின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அந்த எண் இருக்கும். டி.வி.எஸ். ஐக்யூப் வரிசையில் 2024-ல் 2.2 யூனிட் வண்டியும் வந்தது, 5.1 யூனிட் வண்டியும் வந்தது. பெங்களூரில் தயாராகும் அல்ட்ராவயலெட் எஃப்77 மோட்டார் சைக்கிளில் 10.3 யூனிட் பேட்டரி கொண்ட ரகமும் உண்டு. தொட்டி பெரிதானால் நேரம் கூடும். ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது சார்ஜர் மட்டுமே.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தமிழகக் கடைவீதிகளில் கடைக்கு ஒன்றாக ஜெனரேட்டர் உறுமியது. அதை வாங்கி அனுபவப்பட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது உச்சத் திறன். அது சில நிமிடங்களுக்குத்தான். தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் சிறிய எழுத்தில் இருக்கும். சார்ஜ் ஏற்றுவது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. எனவே சிறிய எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். 800 வாட் சார்ஜருக்கு 1 கேவிஏ இயந்திரம் மூச்சு வாங்கும். தொடர்ந்து 1,500 வாட் தரும் இயந்திரம் சிரமமில்லாமல் ஓடும்.

அடுத்தது ரகம். பழைய பாணி ஜெனரேட்டரில் என்ஜினின் வேகம் ஏறி இறங்கினால் மின்சாரமும் ஏறி இறங்கும். பல்புக்கு அது பெரிய விஷயமல்ல. மின்னணுச் சில்லுகள் நிறைந்த சார்ஜருக்கு ஆகாது. ‘இன்வெர்ட்டர்’ ரக ஜெனரேட்டர், உற்பத்தியாகும் மின்சாரத்தை ஒருமுறை சீராக்கி வெளியே தருகிறது. சத்தமும் குறைவு, எடையும் குறைவு. 2 கேவிஏ அளவில் 20 கிலோவை ஒட்டி இருக்கும். முன்னணி நிறுவனங்களின் இயந்திரம் என்றால் விலை அரை லட்சத்தைத் தாண்டும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய பிறகும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி அடம்பிடிக்கலாம். காரணம் எர்த். வீட்டு இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைந்திருக்கும். தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர்கள் பலவற்றில் அந்த இணைப்பு இருக்காது. ‘எர்த் இல்லை’ என்று சார்ஜர் மறுத்துவிடும். இதற்குத் தீர்வு தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் கையில் இருக்கிறது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது தீர்வல்ல, ஆபத்து. வாங்கும் முன்பே சார்ஜரைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

இனி செலவு. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்றரை யூனிட் தரும். 3 யூனிட் பேட்டரியை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 3.4 யூனிட் வேண்டும். அதாவது இரண்டேகால் லிட்டர். அந்தச் சார்ஜில் வண்டி 100 கி.மீ. ஓடினால், லிட்டருக்கு 45 கி.மீ. கூடக் கிடைக்கவில்லை. சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் தருகிறது! வீட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 25 ரூபாய்க்குள் முடிகிற வேலை, ஜெனரேட்டரில் 200 ரூபாயைத் தாண்டுகிறது. தினமும் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றுபவர், பெட்ரோல் வண்டியையே சுற்றுவழியில் ஓட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவசரத்துக்கு என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது தொட்டியை நிரப்ப வேண்டியதில்லை. 750 வாட் சார்ஜரில் ஒரு மணி நேரம் ஏற்றினால் 20 கி.மீ. ஓடலாம். வெலிங்டன் தீவிலிருந்து எர்ணாகுளத்தின் எந்தப் பகுதிக்கும், மின்சாரம் இருக்கும் அடுத்த இடத்துக்கும் போய்ச் சேர அது தாராளம். அரை லிட்டர் பெட்ரோல் போதும்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு உயிர்க் கணக்கு. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். அந்த வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. குழு நடத்திய சோதனையில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதில்லை. மழையில் ஜெனரேட்டரை வெளியே நனைய விட முடியாது என்பதற்காக வராந்தாவுக்கோ கார் ஷெட்டுக்கோ இழுத்து வருபவர்கள் இதை மறக்கக் கூடாது. வீட்டின் கதவு, ஜன்னல்களிலிருந்து தள்ளி, நாலுபுறமும் திறந்த கூரையின் கீழ்தான் அது ஓட வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டரே வேண்டாம்.

இன்னொரு தவறு, ஜெனரேட்டரின் ஒயரை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பது. அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் போகும். வெலிங்டன் தீவில் மின்விநியோகம் மின்வாரியத்தின் பொறுப்பல்ல, கொச்சித் துறைமுகத்தின் பொறுப்பு. யாருடைய ஊழியராக இருந்தாலும், கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கம்பத்தில் ஏறுகிறார். சார்ஜரை நேரடியாக ஜெனரேட்டரிலேயே செருகுவதுதான் முறை.

ஆக, யார் வாங்கலாம்? வண்டியை நம்பிப் பிழைக்கிறவர், கரண்ட் அடிக்கடி நாள்கணக்கில் போகும் ஊர்க்காரர், ஏற்கனவே கடைக்கோ வீட்டுக்கோ ஜெனரேட்டர் தேவைப்படுகிறவர். மற்றவர்கள் முதலில் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கலாம். 150 ஏ.எச். பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது. அதில் பாதியை எடுத்தாலும் 20 கி.மீ. கிடைக்கும். இன்வெர்ட்டரின் திறன் சார்ஜரைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். புகை இல்லை, சத்தம் இல்லை. அதையும்விடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வானிலை எச்சரிக்கை வந்த அன்று மாலையே பேட்டரியை நிரப்பி வைப்பது.