முதுகைக் காப்போம்

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில் 'தோபிகானா' என்னும் சலவைக் கூடம் இருக்கிறது. ஒல்லாந்தர் தம் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து சலவைத் தொழிலாளர்களை இங்கு அழைத்து வந்தனர் என்பர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்குத் துணி வெளுக்கின்றனர். இப்போதுள்ள கூடம் 1976ஆம் ஆண்டில் கட்டப்பட்டது.

துணி வெளுப்பவர் ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொட்டியில் ஊறிய துணியை எடுக்கக் குனிகிறார். கல்லில் அடிக்கக் குனிகிறார். பிழிந்த துணியைச் சுமந்து சென்று கயிற்றில் உலர்த்த நிமிர்கிறார். பின்னர்க் கரி நிறைந்த கனமான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து நெடுநேரம் நிற்கிறார். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமப்பவர், கட்டடத்தில் செங்கல் ஏற்றுபவர், வீடுகளில் தரை துடைப்பவர் ஆகிய அனைவரின் உழைப்பையும் முதுகே தாங்குகிறது. வேலைக்குச் செல்லாத நாளில் கூலி இல்லை. ஆகவே, வலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்வோர் பலர்.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பின்புறத்தில் 12, இடுப்பில் 5, அதன் கீழே ஒன்றாய் இணைந்த 5, வால் பகுதியில் பெரும்பாலும் 4 என 33 முள்ளெலும்புகள் கோத்த மாலை போன்றது அது. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. முள்ளெலும்புகளின் நடுவே தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் பரவுகின்றன. இடுப்பின் கீழ்ப்பகுதியில் தோன்றும் நரம்புகள் பல சேர்ந்து, பிட்டம் வழியாகக் காலுக்குச் செல்லும் தடித்த நரம்பாகின்றன. உடலிலேயே மிக நீளமான அந்நரம்பைச் 'சயாட்டிக் நரம்பு' என்பர்.

வலி தோன்றும் விதம்

பளுவை உடலிலிருந்து தள்ளிப் பிடித்தால், அதே பளு முதுகிற்குப் பன்மடங்கு சுமையாகிறது. இது நெம்புகோல் விதி. நீர் நிறைந்த வாளியை மார்போடு அணைத்துப் பிடிப்பது எளிது. கையை நீட்டிப் பிடிப்பது கடினம். குனிந்தபடி தூக்கும்போது இடுப்புத் தசைகளும் வட்டுகளும் இத்தகைய பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. தசை பிடித்துக்கொண்டால் முதுகில் வலி தோன்றும். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினாலோ வலி பிட்டத்திலிருந்து கால் வரை மின்னல்போல் இறங்கும். கால் மரத்தும் போகும்.

படுத்தே கிடக்கலாமா?

வலி வந்தால் பல நாள் படுத்திருக்க வேண்டும் என்று முன்பு கருதினர். இன்று மருத்துவர்கள் அவ்வாறு கூறுவதில்லை. நெடுநாள் அசையாதிருந்தால் தசைகள் வலுவிழந்து, வலி நீடிக்கும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் துன்புற்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கான அதன் வழிகாட்டுதல் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியானது. அது உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

1956ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சியிடம், கால் வரை வலி பரவிய ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் அவர் தற்செயலாகக் குப்புறப் படுத்தார். அதனால் அவர் முதுகு பின்னோக்கி வளைந்தது. சற்று நேரத்தில் அவருடைய கால்வலி மறைந்தது. இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து மெக்கன்சி ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். காலில் இருந்த வலி மேலேறி முதுகின் நடுவே குவிந்தால் அது நல்ல அறிகுறி. வலி மேலும் கீழே இறங்கினால் அப்பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

இவற்றைப் பாய் விரித்த தரையில், மெதுவாக, மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும்.

1. முழங்கால் அணைத்தல்: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து, 20 நொடி வைத்திருத்தல். ஒவ்வொரு காலுக்கும் 3 முறை.

2. பூனை நீட்சி: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேல்நோக்கி வளைத்துப் பின் கீழ்நோக்கித் தாழ்த்துதல். 10 முறை.

3. பாலம்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி 5 நொடி நிறுத்துதல். 10 முறை.

4. குப்புறப் படுத்து எழுதல்: குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் வைத்தபடியே முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துதல். வலி காலுக்கு இறங்காவிடில் 10 முறை.

5. நடத்தல்: முதலில் 10 நிமிடம் நடந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுதல்.

ஒரே நாளில் பயன் தெரியாது. சில வாரங்கள் விடாது செய்பவர்க்கே பலன் கிட்டும்.

தூக்கும் முறை

பளுவைத் தூக்குமுன் அதன் அருகே சென்று, கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்க வேண்டும். பளுவை உடலோடு அணைத்துக் கால்களின் வலிமையால் எழ வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்த வேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவை மிகலாகாது எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மாணவர்க்கும் ஓர் அளவு உண்டு. புத்தகப் பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது.

மருத்துவரிடம் செல்லும் நேரம்

சில வலிகளுக்குப் பயிற்சி போதாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், பாதம் தூக்க இயலாது தொய்தல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் வலியையும், கீழே விழுந்தபின் வரும் வலியையும் புறக்கணிக்கலாகாது.

மலையாளம் அறியாத பெற்றோர் மருத்துவரிடம் 'வலிக்கிறது' என்று மட்டும் கூறித் திரும்பிவிடக்கூடும். இங்கே இருமொழி அறிந்த பிள்ளையின் துணை பெரிது. தமிழில் 'வேதனை' பெரும்பாலும் மனத்துயரைக் குறிக்கும். மலையாளத்தில் 'வேதன' உடல்வலியையும் குறிக்கும். இடுப்புவலி 'நடுவேதன' எனப்படும். 'மரத்துப்போதல்' அங்கே 'மரவிப்பு' ஆகும். வலி எங்கே தொடங்குகிறது, எதுவரை இறங்குகிறது, கால் மரத்ததா என்பவற்றைப் பிள்ளை தெளிவாக எடுத்துரைத்தால், மருத்துவர் நோயை உரிய காலத்தில் அறிவார். குடும்பத்திற்காகக் குனியும் முதுகிற்குப் பிள்ளைகள் செய்யும் கைம்மாறு அதுவே.

சொல்லும் பொருளும்

ஒல்லாந்தர் – டச்சுக்காரர்
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
வட்டு – எலும்புகளுக்கு இடையே உள்ள மென்மையான பகுதி
கைம்மாறு – செய்த உதவிக்குத் திரும்பச் செய்யும் உதவி

வினாக்கள்

1. பளுவை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும், ஏன்?
2. கால்வலி மேலேறுவதும் கீழிறங்குவதும் எவற்றை உணர்த்துகின்றன?
3. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள் மூன்றனை எழுதுக.
4. உன் வீட்டில் உள்ளவர்கள் நாள்தோறும் குனிந்து செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை எளிதாக்கும் வழியைக் கூறுக.