எண்ணூர் வீட்டுத் தோட்டங்களில் இளவேனில்

எண்ணூர், சென்னையின் வடகோடியில் அமைந்துள்ள கடற்கரைப் பகுதியும் தொழிற்பகுதியும் ஆகும். கிழக்கே வங்காள விரிகுடாவும், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் உள்ளன. இங்குள்ள வீட்டு முற்றங்களிலும் கொல்லைகளிலும் இளவேனிற் காலத்தில் பூக்கும் செடிகொடிகளையும், அவற்றை நாடிவரும் உயிரினங்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது. திறந்த வெளிகள் குறைந்துவிட்ட இத்தகைய இடங்களில், ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு முருங்கை மரமும்கூடச் சிற்றுயிர்களுக்கு உணவும் உறைவிடமும் ஆகின்றன.

பருவமும் மண்ணும்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களும் இளவேனில் எனப்படும். இது ஏறத்தாழ ஏப்ரல் நடுப்பகுதி முதல் சூன் நடுப்பகுதி வரையான காலமாகும். குளிர்நாடுகளில் பனி உருகி மண் ஈரமாகும்போது வசந்தம் பிறக்கின்றது. சென்னைக் கடற்கரையிலோ இது வறண்ட காலமாகும். இங்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. மே மாதத்தில் கத்திரி வெயில் நிலவுகின்றது.

கடற்கரை மணல் நீரைத் தேக்கி வைப்பதில்லை. கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து இலைகளில் படியச் செய்கின்றது. அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால், நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்துள்ளது. எனவே உப்பையும் வறட்சியையும் தாங்கும் செடிகளே இத்தகைய தோட்டங்களில் நிலைக்கின்றன.

பூக்கள்

வேம்பு இப்பருவத்தின் முதன்மையான மரமாகும். பழுத்த இலைகளை உதிர்த்துத் துளிர்விட்டு, பங்குனி, சித்திரை மாதங்களில் மணமுள்ள சிறு வெண்பூக்களைப் பூக்கின்றது. சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்யும் வழக்கம் இதனோடு தொடர்புடையது. புங்க மரமும் இக்காலத்தில் பூக்கின்றது.

பூவரசு உப்புக் காற்றை நன்கு தாங்கும் கடற்கரை மரமாகும். இதன் மஞ்சள் நிறப் பூ, வாடும்போது செந்நிறமாக மாறுகின்றது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, செம்பருத்தி ஆகியவையும் வறண்ட மணலில் வளரக்கூடியவை. எண்ணூரிலுள்ள தாழங்குப்பம் என்னும் ஊரின் பெயரில், தாழை என்னும் கடற்கரைச் செடியின் பெயர் காணப்படுகின்றது.

குண்டுமல்லிக்கு இதுவே சிறந்த காலமாகும். ஆயினும் அது அரிதாகவே காய்க்கின்றது. பதியன், தண்டுத் துண்டுகள் ஆகியவற்றின் வழியாகப் பெருக்கப்படுகின்றது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல, இதழ்களாக மாறியிருக்கும். எனவே அடுக்குப் பூக்களைவிட ஒற்றைப் பூக்களே பூச்சிகளுக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன.

நாடிவரும் உயிரினங்கள்

வண்ணத்துப்பூச்சிகள்: கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றின் இலைகளில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. இவற்றின் இளம் புழுக்கள் பறவை எச்சம் போன்ற தோற்றத்தால் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. வளர்ந்தபின் பச்சை நிறம் பெறுகின்றன. வேலியோர எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடுகின்றது.

வண்டுகளும் விட்டில்களும்: முருங்கைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வனவற்றுள், மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டுகள் முக்கியமானவை. இரவில் மணக்கும் வெண்ணிறப் பூக்களைப் பருந்து விட்டில்கள் நாடுகின்றன. இவற்றுள் ஒருவகையின் புழுக்கள் அரளி, நந்தியாவட்டை இலைகளை உண்கின்றன.

பறவைகள்: தேன்சிட்டு செம்பருத்தியில் தேன் அருந்துகின்றது. சிலந்தி நூல், நார், சருகு ஆகியவற்றைக் கொண்டு தொங்கும் கூடு கட்டுகின்றது. தையல்சிட்டு அகன்ற இலைகளைத் தைத்துக் கூடமைக்கின்றது. இப்பருவத்தில் ஓயாது கூவுவது ஆண் குயிலாகும். பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகின்றது. குயில் குஞ்சு காகக் குஞ்சுக்கு முன்பே பொரிந்து வெளிவருகின்றது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்த தகைவிலான் குருவிகள் ஏப்ரல் அளவில் திரும்பிச் செல்கின்றன.

ஊர்வன: ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் இனப்பெருக்கக் காலத்தில் சிவக்கின்றன. இது பூச்சிகளை உண்டு அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

தொழிற்சாலைகளின் தாக்கம்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 இல் இயங்கத் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. முகத்துவாரத்தின் வடபுறம் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்குகின்றது. நிலக்கரித் தூசியும் சாம்பலும் இலைகளில் படியும்போது இலைத்துளைகள் அடைபடுகின்றன, ஒளிச்சேர்க்கை குறைகின்றது.

2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போது பெய்த பெருமழையில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீடுகளுக்குள்ளும் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. கூழைக்கடாக்கள் இறகுகளில் எண்ணெய் படிந்த நிலையில் காணப்பட்டன. மண்ணில் படியும் எண்ணெய், வேர்களுக்குக் காற்றும் நீரும் செல்வதைத் தடுக்கின்றது. அவ்வாறு பாதிக்கப்பட்ட மண் மீள்வதற்கு நெடுங்காலம் தேவைப்படும்.

பேணும் முறைகள்

மாலையில் இலைகள்மேல் நீர் தெளித்தால் தூசியும் உப்பும் நீங்கும். சருகுகளை எரிக்காமல் செடியின் அடியில் பரப்பினால் மணலின் ஈரம் காக்கப்படும். பறவைகளுக்கு ஆழமற்ற மண்தட்டில் நீர் வைக்கலாம். கொசுக்கள் பெருகாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

கறிவேப்பிலையைப் புழுக்கள் கடிப்பதைக் கண்டு பூச்சிக்கொல்லி தெளிப்பது தவிர்க்கத்தக்கது. பூக்களில் தேன் உண்ணும் தேன்சிட்டும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகின்றது. புழுக்கள் இல்லாத தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள் தோன்றுவதில்லை. குஞ்சுகளுக்கான இரையும் குறைகின்றது. சில இலைகளைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுத்தாலும், நன்கு வளர்ந்த கறிவேப்பிலைச் செடி மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.

இவற்றையும் பார்க்கவும்

கொசஸ்தலையாறு
பழவேற்காடு ஏரி
பெரும்பொழுது
நெய்தல்