அயர்ந்த வீரர்களும் அவிழ்ந்த தடைகளும்

கோட்டைக் காவலன் உறங்கிவிட்டால் அவனைக் குற்றவாளி என்போம். ஆனால் இரவு பகலாகப் போரிட்டு அயர்ந்து நிற்பவனை உறங்கியவன் என்று பழித்தல் முறையாகுமோ? புற்றுநோயை எதிர்க்கும் நம் உடலின் டி உயிரணுக்களின் நிலை இத்தகையதே.

எலும்பு மச்சையில் தோன்றி, நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுபவை இவ்வுயிரணுக்கள். வங்கிப் பெட்டகத்தைத் திறக்க இரு சாவிகள் வேண்டப்படுதல் போல, இவை முதன்முதலாகக் கிளர்ந்தெழ இரு சைகைகள் வேண்டும். தூதணுக்கள் ஏந்திவரும் அயற்புரதத் துணுக்கை இனங்காணுதல் முதற்சைகை. அத்தூதணுவின் மற்றொரு புரதம் சி.டி.28 என்னும் ஏற்பியைத் தொடுதல் இரண்டாவது. முதலாவது மட்டும் கிடைப்பின் டி உயிரணு செயலிழந்து அடங்கிவிடும். தன்னுடலையே தாக்காதிருக்க அமைந்த காப்பு இது.

எழுந்த படையை அடக்கவும் ஏற்பாடு உண்டு. சி.டி.எல்.ஏ.4, பி.டி.1 ஆகியவை அத்தடைகள். புற்றணுக்கள் பலவும் பி.டி.1-ஐ இயக்கும் புரதத்தைத் தம்மேல் அணிந்து, தாக்க வரும் படையைத் தணித்துவிடுகின்றன.

பகை நீங்காமல் சைகை ஓயாது வந்துகொண்டேயிருப்பின், டி உயிரணு சாவதில்லை. ஆனால் கொல்லும் திறனும் பெருகும் திறனும் குன்றுகின்றன. இதனை நாம் ‘அயர்வு’ எனலாம். நெடுநாள் வைரசுத் தொற்றுக்கு ஆளான எலிகளில் இந்நிலை 1990களில் அறியப்பட்டது. ஹைதராபாத்தில் பிறந்து, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரஃபி அகமது அவர்களின் குழுவினர், பி.டி.1 தடையை நீக்கினால் அயர்ந்தவை மீண்டும் எழும் என்று 2006இல் காட்டினர். எனினும், டாக்ஸ் என்னும் புரதம் இவ்வயர்வை உயிரணுவினுள் ஆழப் பதிக்கின்றது என்று 2019இல் தெரியவந்தது. ஆகவே அயர்ந்தவை அனைத்தும் மீள்வதில்லை.

சி.டி.எல்.ஏ.4 தடையை மறித்தால் எலிகளின் கட்டிகள் மறைவதை ஜேம்ஸ் ஆலிசன் 1996இல் கண்டார். பி.டி.1-ஐ ஜப்பானியர் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் கண்டறிந்தது. முன்னதை மறிக்கும் மருந்து 2011இலும், பின்னதை மறிப்பவை 2014இலும் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றன. 2018இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இம்மருந்துகள் எல்லார்க்கும் பலிப்பதில்லை. தடை அவிழ்ந்த படை குடலையும் நுரையீரலையும் தைராய்டு சுரப்பியையும் தாக்குதலும் உண்டு. விலையோ எளியோர் எட்டும் உயரத்தில் இல்லை.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். ‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ என்று கூறி விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நம்பி, மருத்துவரிடம் செல்லாமல் காலங்கடத்தும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஆற்றல் குறைந்ததனால் மட்டும் படை தோற்பதில்லை. அது தடுக்கப்பட்டும் நிற்கின்றது. பி.டி.1 தடையை எந்தப் பொடியும் அவிழ்த்ததாகச் சான்றில்லை. மருந்து தேடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி நிற்கும் நாம், காலத்தே தேடுதலே அப்பணிப்பை நிறைவேற்றுவதாகும். நாள்கள் கழியக் கழிய அயர்வும் ஆழ்ந்துகொண்டே போகும். மறவாதிருப்போமாக!