ஆற்றைச் சுற்றி நான்கு நாள்

மாசாயில் இருப்பவர்களுக்கு ஜொகூர் ஆறு என்றால் கோங் கோங் கடலுணவுக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவோம், நண்டு சாப்பிடுவோம், படம் எடுப்போம், திரும்புவோம். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, "அங்கதான் எங்க தோட்டம்" என்பார். 1978-இல் அங்கிருந்து கிளம்பியவர் மறுபடி போகவே இல்லை.

போன பள்ளி விடுமுறையில் நானும் மாமா மகன் குமரனும் சைக்கிளில் அந்தப் பக்கம் போய்வரக் கிளம்பினோம். பைக்பேக்கிங் என்பார்கள். கூடாரம், மாற்றுத்துணி, ஸ்டவ் எல்லாவற்றையும் சைக்கிளின் சட்டத்திலும் இருக்கைக்குப் பின்னாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் மிதிப்பது. ஆளுக்கு 9 கிலோ சுமை. அப்பா பைகளைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அவர் சைக்கிளில் பால் வாளி கட்டிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறியவர்.

பயணத்திலேயே ஆபத்தான பகுதி காடு அல்ல, முதல் 15 கிலோமீட்டர்தான். பாசிர் கூடாங் துறைமுக லாரிகள் உலு திராம் வரை முழங்கையை உரசுவதுபோல் போகின்றன. அதைத் தாண்டினால் செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. கோத்தா திங்கி சுமார் 40 கிலோமீட்டர். பதினொரு மணிக்குள் சேர்ந்துவிட்டோம்.

அந்த ஊரில் ஆறு வெறும் காட்சி அல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து ஊரையே மூழ்கடித்த ஆறு அது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்வதும் இதே ஆற்றிலிருந்துதான், 2061 வரைக்கும். பள்ளியில் படித்த பலாச்சுளைக் கதையும் இந்த ஊர்க்கதைதான். சுல்தான் மாமுட் 1699-இல் கொல்லப்பட்ட இடம். கம்போங் மாக்காமில் அவருடைய சமாதி இருக்கிறது. நாங்கள் போனபோது எங்களைத் தவிர யாருமில்லை.

இரண்டாம் நாள் மாவாய் வழியாக செடிலி புசார் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இங்கே தண்ணீர் கோப்பி-ஓ நிறம். சதுப்புக் காட்டு இலைச்சாறு இறங்கிய நிறம் அது, அழுக்கு இல்லை. கரையோரம் ரசாவ் என்னும் தாழை இனச் செடி சுவர்போல நிற்கிறது. தூண்டில்காரர்கள் தோமான் மீனுக்காகக் காலையிலிருந்தே படகில் காத்திருக்கிறார்கள்.

பிற்பகலில் தார்ச்சாலை வேண்டாம் என்று குமரன் ஒரு செம்மண் பாதையைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு கிலோமீட்டருக்குள் இளஞ்செம்பனைகள் பிய்ந்து கிடந்தன. குருத்து மட்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில் சாணம், ஆவி இன்னும் அடங்கவில்லை. எதிரே வந்த தோட்ட வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "காஜா" என்று ஒரே சொல் சொன்னார்.

"அண்ணே, இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான், மெதுவாப் போயிரலாம்" என்றான் குமரன். நான் சைக்கிளைத் திருப்பினேன். அன்று மாலை முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. தஞ்சோங் செடிலியில் மீன்கறி வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. வெயில் ஏறுமுன் கிளம்பி பதினொன்றுக்குள் நிறுத்துங்கள். பிற்பகல் இடிமழை செம்பனைத் தோட்டத்தில் ஒதுங்க இடம் தராது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தோட்டப் பாதைகள் தனியார் நிலம், காவலரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். இருட்டிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இருக்காதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பக்கமே வேண்டாம்.

மூன்றாம் நாள் கடலோரமாக இறங்கி, மறுபடி ஜொகூர் ஆற்றுப் பக்கம் திரும்பி, தெலுக் செங்காட்டை அடுத்து அப்பாவின் தோட்டத்தைத் தேடினோம். லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, பால்மரம் ஒன்றுகூட இல்லை. கோயில் இருந்தது. தகரக் கூரை, அம்மனுக்குப் புதுப் பாவாடை, அணையாத விளக்கு. யார் ஏற்றியது என்று கேட்க ஆளில்லை. அப்பாவுக்கு அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை.

அங்கிருந்து ஜொகூர் லாமா. போர்ச்சுகீசியர் 1587-இல் அழித்த தலைநகர். மண்மேடும் ஒரு சிறிய அருங்காட்சியகமும் மிச்சம். கோட்டை மேட்டில் நின்றால் எதிரே கோங் கோங் பக்கம் தெரிகிறது. பறவைக்கு மாசாய் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஆற்றுக்கு மேலே 2011-இல் திறந்த பாலம் இருக்கிறது, ஆனால் அது நெடுஞ்சாலை, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நாங்கள் கோத்தா திங்கி போய்ச் சுற்றி வர 70 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அப்பா ஏன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார் என்பது அங்கே நின்றபோது கொஞ்சம் புரிந்தது.

நான்காம் நாள் மாலை வீடு சேர்ந்தோம். வழியில் இரண்டு முறை மழை, ஒரு பஞ்சர், குமரனின் முழங்கால் வலி. குளிக்கக்கூட விடாமல் அப்பா கைப்பேசியை வாங்கிக் கோயில் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பின்னால கிணறு ஒன்னு இருக்கும். பாத்தியா?"

பார்க்கவில்லை.

"சரி," என்றார். "அடுத்த தடவ என்னயும் காடியில கூட்டிட்டுப் போ. நீ மிதிச்சு வந்து சேர்ற வரைக்கும் நான் அங்க உக்காந்திருக்கேன்."