ஓயத் தெரிந்த பூதங்கள்

இயற்பியலில் ஒரு பூதம் உண்டு என்றால் நம்புவீர்களா? 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் தம் கற்பனையில் படைத்த பூதம் அது. வாயு நிரம்பிய ஒரு பெட்டி, நடுவே தடுப்பு, தடுப்பில் ஒரு சின்னக் கதவு. கதவருகே அமர்ந்திருக்கும் பூதம் வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறு பக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி வல்லுநர்கள் இந்தப் பெயரைக் கடன் வாங்கினார்கள். யாரும் பாராமலே பின்னணியில் ஓடும் நிரலுக்கு 'டீமன்', அதாவது பூதம், என்று பெயரிட்டார்கள். இன்று நீங்கள் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால், எங்கோ ஒரு சர்வரில் அப்படிப்பட்ட ஒரு பூதம்தான் பதில் தருகிறது. பூதத்தை எழுப்புவது எளிது. அதை நல்லபடியாக ஓயவைப்பது எப்படி? ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி என்னும் நிரல்மொழியைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

பிறப்பு

சமையல் குறிப்பு வேறு, சமையல் வேறு அல்லவா? தாளில் இருக்கும் குறிப்பைப் போன்றது நிரல். அடுப்பில் நடக்கும் சமையலைப் போன்றது 'பிராசஸ்'. லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பு ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது.

இரண்டு எண்களைக் கூட்டும் நிரல் விடையைச் சொன்னதும் முடிந்துவிடும். சர்வர் நிரல் அப்படியல்ல. காத்திரு, கேட்டதைக் கொடு, மறுபடியும் காத்திரு என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

'யூனிகார்ன்' என்ற ரூபி சர்வரை எடுத்துக்கொள்வோம். முதலில் பிறப்பது ஒரு மேற்பார்வையாளர். அது 'ஃபோர்க்' என்ற கட்டளையால் தன்னைப் போலவே பல பிரதிகளை உண்டாக்குகிறது. வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது பிரதிகளின் வேலை. ஒரு பிரதி இறந்தால் வேறொன்றை உண்டாக்குவது மேற்பார்வையாளரின் வேலை.

இத்தனை பிரதிகள் எடுத்தால் நினைவகம் போதுமா? இரு மாணவர்கள் ஒரே நோட்டைப் பார்த்துப் படிக்கலாம். ஒருவர் ஏதேனும் திருத்த வேண்டுமானால், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டால் போதும். லினக்ஸும் இப்படித்தான் சிக்கனம் செய்கிறது. ஆனால் பழைய ரூபி, வேண்டாத பொருள்களைக் கண்டுபிடித்து நீக்கும்போது, வேண்டிய பொருள்களின் மீதே அடையாளம் இட்டுவந்தது. படிக்க வந்தவர் பக்கந்தோறும் பென்சிலால் குறியிட்டது போலாயிற்று! பக்கங்கள் நகலாகிச் சிக்கனம் வீணாயிற்று. 2013இல் வந்த ரூபி 2.0 அடையாளங்களைத் தனியே ஓரிடத்தில் வைத்து இதைச் சரிசெய்தது.

விடைபெறுதல்

ஓயாமல் ஓட வேண்டிய பூதத்தை ஏன் நிறுத்த வேண்டும்? நிரலைத் திருத்தியிருப்பார்கள், புதியது ஓட வேண்டுமானால் பழையது விலக வேண்டும். நாளாக ஆக ஒரு பிரதி பிடித்துக்கொள்ளும் நினைவகமும் பெருகிக்கொண்டே போகலாம். அதனால் பெரிய சர்வர்களில் பிராசஸ்கள் பிறப்பதும் முடிவதும் அன்றாட நிகழ்ச்சி.

இங்கேதான் ஆபத்து. நீங்கள் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறீர்கள். பணம் பிடித்தாயிற்று, ரசீது இன்னும் எழுதவில்லை. அந்த நொடியில் பிராசஸைக் கொன்றுவிட்டால்? பணமும் போயிற்று, ரசீதும் இல்லை!

இதற்காகவே இயக்க அமைப்பில் சைகைகள் உண்டு. 15ஆம் எண் சைகையின் பெயர் 'டெர்ம்'. "தயவுசெய்து முடித்துக்கொள்" என்பது அதன் பொருள். 9ஆம் எண் 'கில்'. அதை எந்த நிரலும் மறுக்க முடியாது. பிராசஸ் அந்தக் கணமே முடிந்துவிடும்.

ரூபியில் 'டிராப்' என்ற கட்டளையால் டெர்ம் சைகையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சைகை எந்த வேலையின் நடுவிலும் வரக்கூடும். ஆகவே அங்கேயே பெரிய வேலை எதுவும் செய்யாமல், "நிறுத்தச் சொன்னார்கள்" என்று மட்டும் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு நடக்க வேண்டியது தபால் நிலையத்தில் நடப்பதுதான். நேரமானதும் வாசற்கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே நிற்பவர்களின் வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள். பிறகு விளக்கை அணைக்கிறார்கள்.

காலக்கெடுவும் உண்டு. பல கணிப்பொறிகளில் நிரல்களை நிர்வகிக்கும் 'குபர்நெட்டிஸ்' முதலில் டெர்ம் அனுப்புகிறது. நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 30 விநாடி பொறுக்கிறது. அப்போதும் முடியாவிட்டால் கில்தான். 'புமா' என்ற ரூபி சர்வர் டெர்ம் கிடைத்ததும் கைவேலையை முடிக்கப் பார்க்கும். யூனிகார்னுக்கோ டெர்ம் என்றால் உடனே நிறுத்து என்று பொருள்; நிதானமாக நிறுத்த 'குவிட்' என்ற 3ஆம் எண் சைகை வேண்டும். இது தெரியாமல் அனுப்பினால் உள்ளே நிற்பவர்களும் வெளியே தள்ளப்படுவார்கள்!

மின்சாரம் திடீரென்று போனால் சைகையே வராது. அதனால் பணக்கணக்கைச் சேமிக்கும் தரவுத்தளம், ஒரு வேலை முழுதும் முடிந்தால் மட்டுமே அதை ஏற்கும். பாதியில் நின்றதை நீக்கிவிடும். இரண்டு காவலும் வேண்டும்.

முடிந்த பிறகு

பிள்ளைப் பிராசஸ் முடிந்ததும் கதை முடிவதில்லை. அது எப்படி முடிந்தது என்பதைத் தாய்ப் பிராசஸ் 'வெயிட்' கட்டளையால் கேட்டறிய வேண்டும். கேட்காவிட்டால் இறந்ததன் எண் பட்டியலிலேயே தங்கிவிடும். இதற்கு 'ஸோம்பி', அதாவது நடைபிணம், என்று பெயர். தாய் முதலில் இறந்துவிட்டால்? வழக்கமாக 1ஆம் எண் பிராசஸ் அந்த அநாதையைத் தத்தெடுத்துக்கொள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

ரூபி உள்ள கணிப்பொறி கிடைத்தால், விநாடிக்கு ஓர் எண்ணை அச்சிடும் நிரலை எழுதி ஓடவிடுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சி விசையைத் தட்டுங்கள். அது 'இன்ட்' என்ற 2ஆம் எண் சைகை. நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அடுத்து, டிராப் கட்டளையால் இன்ட் சைகையைப் பிடித்து, "போய் வருகிறேன்" என்று அச்சிட்டுவிட்டு முடியும்படி மாற்றி எழுதுங்கள். இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பிறகு 9ஆம் எண் சைகையை அனுப்பிப் பாருங்கள். "போய் வருகிறேன்" என்று சொல்ல அதற்கு நேரம் கிடைத்ததா?