கரன்ட் தயாராகும் ஊரில் கரன்ட் போனால்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வாண்டு இப்படிக் கேட்கலாம்: “கரன்ட் தயாராகிறதே நம்ம ஊர்லதான். நமக்கு எதுக்கு இன்வெர்ட்டர்?”

நியாயமான கேள்விதான். 1957-இல் இங்கே சுரங்க வேலை தொடங்கியது. 1962-இல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் இங்கிருந்து மின்சாரம் போகிறது. ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? கரன்ட் போய்விடுமோ என்று எல்லோரையும்விட அதிகமாக யோசித்து ஏற்பாடு செய்து வைத்திருப்பது அனல்மின் நிலையம்தான்!

உள்ளே போய்ப் பார்ப்போம். 210 மெகாவாட் டர்பைன் ஒன்றின் தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. பல டன் எடையுள்ள அந்தத் தண்டு, தாங்கிகளில் (பேரிங் என்போமே, அதுதான்) மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. எண்ணெயைத் தள்ளும் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது. திடீரென்று நிலையத்துக்குள்ளேயே மின்சாரம் அற்றுப்போனால்? நீராவியை உடனே அடைத்துவிடலாம். ஆனால் அந்தக் கனத்த தண்டு சட்டென்று நிற்காது. வேகம் அடங்க வெகுநேரம் ஆகும். அந்த நேரத்தில் எண்ணெய் இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசித் தாங்கிகள் பாழாகிவிடும்.

அதனால் அனல்மின் நிலையங்களில் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. இரண்டிரண்டு வோல்ட் செல்கள் நூற்றுக்கும் மேல் வரிசையாக நிற்கும். எப்போதும் சார்ஜ் ஏறியபடி காத்திருக்கும். எல்லாம் இருண்டுபோனாலும் அவற்றின் நேர்மின்னோட்டத்தில் ஓர் எண்ணெய் பம்பு ஓடும். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் இடம், ஆபத்தில் நம்பியிருப்பது உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் உறவுக்காரர்களை!

அந்தப் பேட்டரிகளால் மொத்த நிலையத்தையும் ஓட்ட முடியாது. ஓட்ட வேண்டியதும் இல்லை. நிலக்கரியை அரைக்கும் ஆலைகள், ராட்சத விசிறிகள் எல்லாம் நின்றால் நிற்கட்டும். நிற்கவே கூடாதவை எவையோ அவற்றுக்கு மட்டும்தான் பேட்டரி. சுரங்கத்திலும் அப்படி நிற்கவே கூடாத ஒன்று இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். மற்ற இயந்திரங்கள் ஓய்வெடுத்தாலும் பம்புகளுக்கு ஓய்வில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும் நடுவில் கம்பி அறுந்தால் அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் வாங்கப் போகும் அப்பா, “எத்தனை ஆயிரம்?” என்றுதான் முதலில் கேட்பார். நீங்கள் வேறு கேள்வி கேளுங்கள்: “நம்ம வீட்டில் நிற்கவே கூடாதது எது? எவ்வளவு நேரத்துக்கு?”

பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி. 1,000 வாட் மணிதான் மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட். அப்படியென்றால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் அந்தக் கனத்த பெட்டிக்குள் இரண்டு யூனிட்கூட இல்லை! அதையும் ஒட்டச் சுரண்டினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைப்போம். இன்வெர்ட்டர் அதை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். கைக்குக் கிடைப்பது சுமார் 1,200 வாட் மணி.

பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட். இரண்டு விசிறி, நான்கு எல்இடி பல்பு, வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 200 வாட். ஆறு மணி நேரம் ஓடும். அதே விசிறிகளை 30 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால்? ஏறக்குறைய பதினோரு மணி நேரம் வரும். பேட்டரி அதேதான். என்னைக் கேட்டால், இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுவதே கெட்டிக்காரத்தனம்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பது பேட்டரியைப் பொறுத்தது. ஒரே நேரத்தில் எதையெல்லாம் போடலாம் என்பது இன்வெர்ட்டரைப் பொறுத்தது. சிறிய இன்வெர்ட்டரில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸைச் செருகிப் பாருங்கள், கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். கிளம்பும் நொடியில் வழக்கமானதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

மோட்டாருக்கு என்ன வழி? மேல்நிலைத் தொட்டிதான். பத்து மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தண்ணீர் நின்றால் அதில் இருக்கும் ஆற்றல் 98,000 ஜூல். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? வாட் மணியில் வெறும் 27 தான். பழைய விசிறியை அரை மணி நேரம்கூட ஓட்டாது. ஆனாலும் கரன்ட் போன நாளில் வீட்டையே காப்பாற்றுவது அந்தத் தொட்டிதான். ஏனென்றால் நமக்குத் தேவை மின்சாரம் இல்லை, முன்பே ஏற்றிவைத்த தண்ணீர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டியும் இதே தந்திரம்தான் செய்கிறது. அதன் உள்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்திருக்கும். மின்சாரம் நின்றாலும் பல மணி நேரம் குளிர் குறையாது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை தாங்கும். திறந்து திறந்து பார்த்தால் தாங்காது!

கடைக்காரர்கள் கணக்கு வேறு. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்குக் கணினி ஒரு நொடிகூட அணையக் கூடாது. கண்சிமிட்டும் நேரத்துக்குள் மாறும் யூபிஎஸ் வேண்டும். ஐஸ்கிரீம் கடைக்கு நீண்ட நேரம், நிறைய வாட். அங்கே ஜெனரேட்டர்தான் சரிப்படும். ஆனால் ஜெனரேட்டர் விஷயத்தில் இரண்டு கண்டிப்பு உண்டு. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். எனவே கடைக்குள்ளோ வராந்தாவிலோ வைக்கவே கூடாது. அடுத்தது, சுவர் பிளக்கில் நேராகச் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே பாய்ந்து தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும். 230 வோல்ட் 11,000 வோல்ட் ஆகிவிடும். கம்பத்தில் லைன் செத்துவிட்டது என்று நம்பி வேலை செய்யும் லைன்மேன் உயிர் போய்விடும். இதைத் தடுக்கத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதை எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும்.

கூரையில் சோலார் வைத்த வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கும். நல்ல வெயில், தகடுகளும் பளபளக்கின்றன, ஆனால் தெருவில் கரன்ட் போனதும் வீட்டிலும் போய்விடும்! பழுதில்லை. அதே லைன்மேனுக்காகத்தான் சோலாரின் இன்வெர்ட்டர் தானாக நின்றுகொள்கிறது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை இருந்தால் மட்டுமே வீடு தனியாக ஓடும். நெய்வேலியில் சுரங்கமும் மின்நிலையமும் நடத்தும் நிறுவனமே அந்தமானில் 20 மெகாவாட் சோலார் நிலையத்தோடு 8 மெகாவாட் மணி பேட்டரியையும் வைத்திருக்கிறது. நம் 150 ஏஎச் பேட்டரிகளை அடுக்கினால் நாலாயிரத்துக்கும் மேல் வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு மின்மீட்டரைத் தொடாமல், தள்ளி நின்று பாருங்கள். சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், பழைய விசிறி ஒன்று மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கு சிமிட்டல் வரும். பிஎல்டிசி விசிறி என்றால் இரண்டு நிமிடத்துக்கு மூன்றுதான். அயர்ன் பாக்ஸ் போட்டால் ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று. உங்கள் வீட்டில் எது எத்தனை முறை சிமிட்ட வைக்கிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். அப்பா இன்வெர்ட்டர் கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.